மாடு கால் வைக்காத பாறை

சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் மாடு நின்றுவிட்டது.

பாஞ்சாலை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பின்னால் போய் முதுகில் தட்டினாள். மாடு தலையைத் தாழ்த்திப் பாறையை மோந்து பார்த்தது. பிறகு வலது முன்னங்காலை எடுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தது. 'டொம்' என்று ஒரு சத்தம். சூடு பட்டதுபோல் காலை இழுத்துக்கொண்டது.

"ஒன்னு," என்றாள் பாஞ்சாலை, என்னைப் பார்த்து. "நீங்க எல்லாத்தையும் எண்ணுவீங்களாமே. எண்ணுங்க."

அடுத்த மாட்டை ஓட்டி வந்தாள். அதுவும் நின்றது. மூன்றாவது கோட்டைக் கண்டதுமே திரும்பிவிட்டது. நான்காவது இளம் காளை. கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு போய், நான்கு காலும் ஒரே நேரத்தில் துள்ளி வெளியே வந்தது.

"நாலு. மாடு கட்டடம் கட்டுமான்னு கேட்டீங்களே அய்யா, ஐப்பசியில? கட்டாது. ஆனா அதுக்குக் காது கீது."

தை மாதம், முற்பகல். பாறையின் மேல்பக்கத்தில் சாமைக் கதிர்களைப் பரப்பியிருந்தார்கள். வைக்கோலின் இனிப்பு வாசனை. நான் ஸ்வெட்டரைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றேன். கழற்றினால் சளி பிடிக்கும், போட்டிருந்தால் வியர்க்கும். உண்மையில் என் கவலை ஸ்வெட்டர் இல்லை. அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் கட்டடம் கட்டலாம் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

மழையில் ஒரு சோதனை

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஊர். இருபத்து மூன்று வீடுகள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர் வெள்ளையன் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. எழுதினால் ஆட்கள் வந்து பாறையை விலைக்குக் கேட்பார்களாம்.

அந்த ஊரில் பதினெட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தகரக் கொட்டகைதான் அங்கன்வாடி. மழை பெய்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் தண்ணீர். குழந்தைகள் மீதிப் பாதியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பல வருடம் மனு கொடுத்துப் புதுக் கட்டடத்துக்கு அனுமதி வந்தது. பங்குனி முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

வேலையைப் பார்த்த எஞ்சினியர் இளங்கோ எனக்குத் தெரிந்த பையன். நான் பாறைகளைப் பார்க்கும் அரசு வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், "ஒரு தடவை வந்து இடத்தைப் பாத்து ஒரு லெட்டர் குடுங்க சார். பாறைதான்னு நீங்க சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க," என்றான். கலசப்பாக்கத்தில் பஸ் ஏறிப் போளூரில் மாறி மலைக்குப் போனேன். மலைப்பாதையின் வளைவுகளை எண்ணிக்கொண்டே போவது என் வழக்கம். ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். எது வளைவு, எது வெறும் திருப்பம் என்பதை யாராவது முடிவு செய்து பலகை வைத்தால் நன்றாக இருக்கும்.

ஐப்பசி அடைமழை. அன்று தூறலாகக் குறைந்திருந்தது. ஊருக்குப் பொதுவான பெரிய பாறை ஒன்று, தரையோடு தரையாக, லேசான சரிவில் கிடந்தது. அதன் மேல்பாதிதான் ஊரின் களம். கீழ்ப்பாதியில் முப்பதடிக்கு இருபதடி அங்கன்வாடிக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

நான் சுத்தியலால் இரண்டடிக்கு ஒரு தட்டு தட்டினேன். பதினாறு வரிசை, வரிசைக்குப் பதினொன்று. நூற்று எழுபத்தாறு தட்டு. எல்லாம் ஒரே சத்தம். கெட்டியான, குறுகிய சத்தம். நோட்டில் நூற்று எழுபத்தாறு சரி போட்டேன்.

அப்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பாஞ்சாலை என்று வெள்ளையன் சொன்னார். அவளுடைய மகள் அந்தப் பதினெட்டுக் குழந்தைகளில் ஒருத்தி.

"அய்யா, இந்த எடத்துல மாடு கால் வெக்காது. அதான் இத களத்துல சேக்கல. இங்கயா புள்ளைங்களுக்கு வூடு கட்றது?"

எனக்குக் கால் நனைந்திருந்தது. கடைசி பஸ் போய்விடுமோ என்று பயம். "மாடா வந்து கட்டடம் கட்டப்போகுது?" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளையன்தான் அதிகம் சிரித்தார். பாஞ்சாலை சிரிக்கவில்லை.

இளங்கோ நீட்டிய தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'இடம் முழுவதும் உறுதியான ஒரே பாறை. ஆழ அஸ்திவாரம் தேவையில்லை.' கீழே பெயர், கையெழுத்து.

தட்டிப் பார்க்கும் வியாதி

என் மனைவி சரோஜா இதை வியாதி என்றுதான் சொல்வாள். சந்தையில் ஏழு தேங்காய் தட்டி ஒன்று வாங்குவேன். ஜவ்வாது மலைப் பலாப்பழம் கீழே விற்பனைக்கு வரும் நாட்களில் என்னைக் கண்டாலே கடைக்காரர்கள் சாக்கைப் போட்டு மூடுவார்கள். "தட்றதுன்னா தட்டுங்க சார், எண்ணாதீங்க. வர்றவன் நான் ஏலம் விடறேன்னு நெனைக்கறான்," என்றார் ஒருவர்.

ஆனால் என் தொழிலே அதுதான். முழுப் பாறையைத் தட்டினால் சுத்தியல் கையை எதிர்த்துத் தள்ளும். சத்தம் உயரமாக, சட்டென்று முடியும். உள்ளே விரிசலோ இடைவெளியோ இருந்தால் சத்தம் தாழ்ந்து, கொஞ்சம் நீளும். கதவைத் தட்டுவதற்கும் சுவரைத் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். பெரிய கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் சுத்தியலைப் பையில் வைக்காத நிலவியலாளர் யாரையும் நான் பார்த்ததில்லை.

என் சுத்தியலுக்கு இது மூன்றாவது பிடி. தலை முதல் தலைதான்.

வெங்காயம் மாதிரி ஒரு மலை

பாறைக்குள் எப்படி இடைவெளி வரும் என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

ஜவ்வாது மலையில் பெரும்பாலும் காண்பது நீலம் கலந்த கருஞ்சாம்பல் பாறை. சார்னோக்கைட் என்று பெயர். வயது ஏறத்தாழ இருநூற்றைம்பது கோடி வருடம். இந்த எண்ணைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அதனால் நான் வேறு விதமாகச் சொல்வேன். நொடிக்கு ஒரு வருடம் என்று, தூங்காமல் சாப்பிடாமல் எண்ணினால், எண்ணி முடிக்க எழுபத்தொன்பது வருடம் ஆகும். எனக்கு எழுபத்து நான்கு. பிறந்த நொடியில் ஆரம்பித்திருந்தாலும் இன்னும் ஐந்து வருடம் பாக்கி.

இந்தப் பாறை பூமிக்குள் பல மைல் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. இதற்குள் தொல்லுயிர் எச்சம் எதுவும் கிடைக்காது. செங்கத்திலிருந்து ஒரு வாசகர் கல் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, அதில் பெரணி இலை அச்சாகப் பதிந்திருப்பதாக எழுதியிருந்தார். ஐயா, அது இலை இல்லை. விரிசலுக்குள் ஊறிய தண்ணீர் கொண்டுவந்த மாங்கனீசுக் கறை, கிளை கிளையாகப் பரவியிருக்கிறது. இந்தப் பாறை உருவான காலத்தில் பெரணியும் இல்லை, மரமும் இல்லை, மீனும் இல்லை. உங்களுக்குக் கல்லான சிப்பி வேண்டுமானால் அரியலூர் பக்கம் போங்கள். கல்லான மரம் வேண்டுமானால் திருவக்கரைக்குப் போங்கள். அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அவர்கள் பையில் சிப்பி வைத்திருப்பார்கள். விருந்தாளி வந்தால் காட்டலாம். என்னிடம் காட்டுவதற்குச் சாம்பல் நிறக் கல்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆழத்தில் இருந்த பாறைக்கு மேலே இருந்த சுமையெல்லாம் கோடிக்கணக்கான வருட மழையில் கரைந்து போயிற்று. முதுகுச் சுமையை இறக்கியவன் நிமிர்வது போல, பாறை கொஞ்சம் விரிகிறது. விரியும்போது மேல்பரப்புக்கு இணையாகப் பாளம் பாளமாகப் பிளக்கிறது. பகல் வெயிலும் ராத்திரிக் குளிரும் அந்தப் பிளவை இன்னும் அகலமாக்கும். வெங்காயத்தின் மேல்தோல் கழன்று, ஆனால் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அப்படி. மேலே நின்று பார்த்தால் ஒரே பாறை. கீழே விரல் நுழையும் அளவு இடைவெளி. அதற்குக் கீழேதான் உண்மையான மலை.

அப்படிப்பட்ட தோலின் மேல் நான்கு மாடு நின்றால் ஒன்றும் ஆகாது. கட்டடத்தைத் தூணில் நிறுத்தினால் அந்தப் பாரம் முழுவதும் சில இடங்களில் மட்டும் இறங்கும். தோல் எங்காவது விரியும். அன்றே விரியாது. ஐந்து வருடம் கழித்தோ பத்து வருடம் கழித்தோ, ஒரு தூண் அரை அங்குலம் இறங்கும். சுவரில் கோடு விழும். சுவருக்குக் கீழே சாக்கில் பதினெட்டுக் குழந்தைகள்.

அறுநூற்று ஐம்பத்தொன்று

தை பிறந்து சில நாட்களில் பாஞ்சாலை போன் செய்தாள். நம்பரை இளங்கோவிடம் வாங்கியிருக்கிறாள்.

"அய்யா, களம் காஞ்சிட்டுது. சாமை அறுத்துட்டோம். இப்போ வந்து தட்டுங்க."

"ஏம்மா, அதான் பாத்துட்டேனே."

"ஈரத்துல பாத்தீங்க. காய்ஞ்சப்பறம் வந்து கேளுங்க. திங்கக்கெழம தூணுக்குக் குழி வெட்ட மெசினு வருதாம்."

'காய்ஞ்சப்பறம்' என்ற சொல் மண்டைக்குள் நுழைந்தது. இரண்டு நாள் பழைய நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறினேன். அன்று வளைவு ஒன்று கூடுதலாக வந்தது.

நான்கு மாடுகளும் திரும்பியதைத்தான் முதலில் எழுதினேன். அதன் பிறகு நான் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்தேன். இந்த முறை அடிக்கு ஒரு தட்டு. முப்பத்தொரு வரிசை, வரிசைக்கு இருபத்தொன்று. அறுநூற்று ஐம்பத்தொன்று.

முதல் வரிசை கெட்டி. இரண்டாவது கெட்டி. ஏழாவது வரிசையில் நான்காவது தட்டு, 'டொம்'. கை கூசியது. ஐந்தாவதும் அதே. பாஞ்சாலை அடுப்புக் கரியால், ஓட்டைச் சத்தம் வந்த இடத்திலெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். பாதியில் முழங்கால் வலிக்க உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே தட்டினேன்.

முடிவில் இருநூற்று நான்கு கரும்புள்ளிகள். சிதறி இல்லை. நடுவில் ஒரே திட்டாக, பெரிய இலை போல. தூணுக்குச் சுண்ணாம்பு வட்டம் போட்ட ஒன்பது இடங்களில் நான்கு அந்த இலைக்குள் இருந்தன.

தட்டுகளின் இடைவெளி அதிகம் என்பதால் முதல் முறை தவறவிட்டிருப்பேன் என்று ஒரு நப்பாசை. பழைய நோட்டை எடுத்து அதே நூற்று எழுபத்தாறு இடங்களைத் தனியாகப் பார்த்தேன். அவற்றிலேயே ஐம்பத்தெட்டு, ஓட்டை. ஐப்பசியில் அதே இடத்தில், அதே சுத்தியலால், நானே சரி போட்ட ஐம்பத்தெட்டு.

"அன்னிக்கு நல்லாத்தாம்மா கேட்டுச்சு," என்றேன். என் குரல் எனக்கே குறைப்பட்டுக்கொள்வது போல இருந்தது.

"நான் பொய்யின்னா சொன்னேன்? அன்னிக்கும் நல்லாத்தான் கேட்டிருக்கும். மழையில நாங்களும் இங்க மாடு கட்டுவோம். ஒன்னும் பண்ணாது. காஞ்சாத்தான் மெரளும்."

குடத்துத் தண்ணீர்

மாடுகளுக்குத் தண்ணீர் எடுக்க அவள் இடுப்பில் தூக்கிய குடத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெறும் குடத்தைச் சுண்டினால் முழங்கும். தண்ணீர் நிரம்பிய குடத்தைச் சுண்டினால் சத்தம் அடங்கிவிடும். ஐப்பசியில் பாளத்துக்குக் கீழே இருந்த இடைவெளி முழுக்க மழைநீர். பாளமும் கீழ்ப்பாறையும் தண்ணீரால் ஒட்டிக்கொண்டு ஒரே பாறை போலப் பேசியிருக்கின்றன. தண்ணீர் வடிந்ததும் குடம் காலி.

மழைக்காலத்தில் தட்டிப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் இதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. முப்பத்தொரு வருடமும் வெயிலில்தான் களப்பணி. மழை மாதங்களில் ஆபீஸில் உட்கார்ந்து கணக்கெழுதுவோம். அதனால் ஈரப் பாறையின் சத்தம் எனக்குப் பழக்கமே இல்லை. பழக்கமில்லை என்பதும் தெரியவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பாறையில் உட்கார்ந்தபடி ஒரு கணக்குப் போட்டேன். தூண் இறங்கப் பத்து வருடம் என்றால் எனக்கு எண்பத்திரண்டு. அனேகமாக இருக்க மாட்டேன். முப்பத்தொரு வருடத்தில் நான் கொடுத்த கடிதம் ஒன்றைக்கூடத் திரும்ப வாங்கியதில்லை. இந்தக் கணக்கு எவ்வளவு நேரம் ஓடியது என்று எண்ணவில்லை. நான் எண்ணாமல் விட்டவற்றில் அது ஒன்று.

பாஞ்சாலையின் மகள் தூரத்தில் வைக்கோல் மேல் குதித்துக்கொண்டிருந்தாள். இளங்கோவுக்குப் போன் போட்டேன்.

இரண்டாவது கடிதம்

"சார், வெளையாடாதீங்க," என்றான் இளங்கோ. அன்று மாலைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். கரும்புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அவன் நடை 'டொம் டொம்' என்று கேட்டது. இடம் சரியில்லை என்று எழுதினால் பங்குனிக்குள் வேறு இடம் காட்ட வேண்டும். ஊரில் வேறு சமதரை இல்லை, களத்தைத் தவிர.

வெள்ளையன் களம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"களத்தக் குடுத்துட்டு இருவத்து மூணு வூட்டுச் சாமைய எங்க போட்டு அடிக்கறது? எங்க தலை மேலயா?"

"அப்போ புள்ளைங்க தலை மேல சுவத்தப் போடலாமா மாமா?" என்றாள் பாஞ்சாலை.

"ஏ பாஞ்சால, நீ சும்மா இரு. சார் மொதல்ல நல்ல பாறைன்னாரு. இப்போ கெட்ட பாறைங்கறாரு. நாளைக்கி இன்னா சொல்வாரோ."

நியாயமான கேள்வி. இரண்டாவது கடிதத்தை எழுதினேன். 'எனது முந்தைய கடிதம் தவறு. ஈரத்தில் சோதித்தது என் பிழை.' காரணத்தை விளக்கி இரண்டு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்து அந்த இரண்டு பத்தியையும் அடித்துவிட்டேன்.

கடிதத்தை மடித்து நீட்டியபோது வெள்ளையன் கேட்டார்: "இந்தத் தோலு எத்தினி கனம் இருக்கும்?"

"நாலு அங்குலத்துலேருந்து ஏழு அங்குலம் இருக்கலாம். கீழ முழுப் பாறை."

"அவ்ளோதானே? உரிச்சிடலாமே."

நெருப்பு

அந்த மலையில் வேலிக்கும் மாட்டுக்கொட்டகைச் சுவருக்கும் கல் பலகை நிறுத்தியிருப்பார்கள். அவற்றை யாரும் வெடி வைத்து எடுத்ததில்லை. பாறையின் மேல் நெருப்பை வரிசையாகப் போட்டு, மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போனால், சூட்டில் மேல்பாளம் விரிந்து கீழ்ப்பாறையை விட்டுக் கழன்றுகொள்ளும். மலை கோடி வருடத்தில் செய்வதை விறகு ஒரு பகலில் செய்துவிடும்.

மாசி மாதம் தேதி குறித்தார்கள். ஊரைச் சுற்றி வளர்ந்திருந்த உண்ணிச்செடிப் புதர்களை வெட்டிக் காயவைத்ததே விறகு. குழந்தைகளை ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். இளங்கோ தலையில் ஹெல்மெட்டுடன் நின்றான். பாதுகாப்புக்கு என்றான். அது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்.

நெருப்புக்கு முன்னால் போய் நான் தட்ட வேண்டும். பாளம் எதுவரை கழன்றிருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அதுதான் என் வேலை. செருப்பு அடி இளகியது. கண்ணில் புகை. தட்டிக்கொண்டே, "இங்க வரைக்கும் வந்துருச்சு," என்பேன். வெள்ளையன் கம்பால் நெருப்பை ஒரு முழம் தள்ளுவார்.

முதல் நாள் மதியம் காலுக்கடியில் 'டப்' என்றது. பெரிய சத்தம் இல்லை. மரப்பெட்டி மூடி கழன்ற மாதிரி. ஆனால் அங்கே நின்ற பதினோரு பேரும் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்னால் போனோம்.

ஆறியதும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். பலகை பலகையாக வந்தது. முப்பத்தேழு பலகை. மிகக் கனமானது ஆறரை அங்குலம். ஏழு என்று நான் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை; எனக்கு அரை அங்குலம் இன்னும் உறுத்துகிறது.

பலகைகளுக்குக் கீழே காய்ந்த மண் மெல்லிய படலமாக. நூல் போன்ற வேர்கள் வெகு தூரம் ஓடியிருந்தன. மண்ணைக் கூட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அடியில் இருந்த பாறை வெளிறிய நீலம். வழவழப்பு. அந்த ஊரில் யாரும் அதுவரை பார்க்காத தரை.

ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டு, நான் தட்டினேன். அறுநூற்று ஐம்பத்தொன்று. ஒரு டொம் கூட இல்லை.

கையைத் தூக்கியவர்கள்

பாஞ்சாலை அன்று மாடுகளையும் ஓட்டி வந்திருந்தாள். சுத்தியலை மட்டும் நம்புவதாக அவள் எங்கும் சொல்லவில்லை. நான்கு மாடும் புதுப் பாறையில் நடந்தன. நடுவில் நின்று ஒன்று சாணி போட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

வெள்ளையன் புதுப் பாறையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். மேலே இருந்த பழைய களத்தைப் பார்த்தார். பழைய களம் கரடுமுரடு. பல தலைமுறை மாடு மிதித்து அங்கங்கே குழி. சாமை அந்தக் குழிகளில் போய் ஒளிந்துகொள்ளும்.

"இது இன்னா வழவழன்னு கீது," என்றார். "ஒரு மணி சாமை வீணாவாது. புள்ளைங்களுக்கு எதுக்கு வழவழப்பு? பழைய களத்த அவங்களுக்குக் குடுத்துட்டு, இத நம்ம களமா வெச்சுக்கலாம்."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். இளங்கோ என் பக்கம் திரும்பினான். இடம் மாறினால் வரைபடம் மாற வேண்டும், மேலே போய் ஒப்புதல் வாங்க வேண்டும். பங்குனி தாண்டிவிடும். அதை அவன் சொன்னான். "ரெண்டு மாசம் பொறுத்தாப் போவுது," என்றார் ஒருவர். தாண்டினால் கட்டடமே இல்லை என்பதை அவன் மூன்று முறை சொன்னான். மூன்றையும் நான் எண்ணினேன். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. எல்லோர் கண்ணும் வழவழப்பின் மேல் இருந்தது.

பாஞ்சாலை மாட்டுக் கயிற்றை மகள் கையில் கொடுத்தாள்.

"மாமா, போன வருசம் இந்த எடத்த புள்ளைங்களுக்கு ஒதுக்கச் சொல்லோ எத்தினி பேரு கையத் தூக்கனீங்க?"

"எல்லாருந்தான்."

"மாடு நிக்காத எடம்னு தெரிஞ்சுதானே தூக்கனீங்க? மாடு நிக்காத எடத்துல புள்ளைங்கள ஒக்கார வெச்சீங்க. இப்போ மாடு நிக்குதுன்னு புள்ளைங்கள எழுப்பறீங்களா?"

வெள்ளையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார்.

"இந்தப் பொண்ணு வாயில மாட்டிக்கிட்டா பாறையே உரியுது," என்றார் கடைசியில். "விறகு வீணு." முதலில் சிரித்தவர் அவர்தான்.

பிறகு சுண்ணாம்பு டப்பாவைத் தானே எடுத்து, குனிந்து, முதல் தூணுக்கு வட்டம் போட்டார். வட்டம் கோணல். நான் சொல்லவில்லை. இளங்கோ பின்னால் போய்ச் சரி செய்தான்.

பங்குனி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது குழி வெட்டினார்கள்.

வாசல் கல்

கட்டடம் முடிந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன மாதம் மறுபடி போனேன். அழைப்பு எதுவும் இல்லை. சுவரைப் பார்க்க வேண்டியிருந்தது. நான்கு சுவரையும் உள்ளும் வெளியும் சுற்றினேன். கோடு ஒன்றும் இல்லை. ஜன்னல் மூலையில் மயிரிழை போல ஒன்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன், சிலந்தி நூல். இருபத்தொரு குழந்தைகள் தட்டில் சுண்டல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலையின் மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மூன்று வீட்டில் புதிதாக நான்கு வந்திருக்கின்றன.

உரித்த பலகைகளில் முப்பத்தாறு வேலியாக நிற்கின்றன. முப்பத்தேழாவதை வாசலில் பார்த்தேன். வேலிக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு சின்னக் கால்வாய் வெட்டி, அதன் மேல் அந்தப் பலகையைப் படுக்கப் போட்டிருந்தார்கள். தண்ணீர் போவதற்கு என்று நினைத்தேன். கால் வைத்தேன். 'டொம்'.

"யார் வெச்சது இத?" என்று பதறிக் கேட்டேன்.

"நான்தான்," என்றாள் பாஞ்சாலை. "கதவு இல்ல அய்யா. சுண்டல் வாசத்துக்கு மாடெல்லாம் உள்ள வந்துடுது. அதான், தோலுக்குக் கீழ பள்ளம் வெச்சுட்டேன்."

குனிந்து சுத்தியலால் தட்டினேன். மூன்று தட்டு, மூன்றும் ஓட்டை. பலகை கனமானது, ஆறரை அங்குலம். இரண்டடிக் கால்வாயின் மேல் மாடு ஏறினாலும் உடையாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

குழந்தைகளின் சுண்டல் முடிவதற்குள் மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பின. வாசல் பக்கம் ஆறு வந்தன. முதல் மாடு பலகையை மோந்து திரும்பியது. இரண்டாவதும் மூன்றாவதும் நிற்கக்கூட இல்லை. நான்காவது ஒரு காலை வைத்து, இழுத்துக்கொண்டது. ஐந்தாவது அதைப் பார்த்தே போய்விட்டது.

ஆறாவது கன்றுக்குட்டி. 'டொம் டொம் டொம் டொம்' என்று நான்கு காலும் வைத்து நேராக உள்ளே போய்ச் சுண்டல் தட்டில் வாயை வைத்தது. இருபத்தொரு குழந்தைகளும் கத்தின. பாஞ்சாலை ஓடிப்போய் அதன் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.